டேங்க் மூடியிலிருந்து நாசில் வரை: போடி மலையில் நின்றுபோன டிராக்டரின் கணக்கு

போடிநாயக்கனூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 350 மீட்டர். போடிமெட்டு ஏறக்குறைய 1,400 மீட்டர். இடையில் சுமார் 26 கிலோமீட்டர் சாலை, அதில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியிலிருந்து தொண்டிக்கு வரும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு இது. அடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் வண்டி ஏறத் தொடங்குகிறது. டீசலும் அங்கிருந்துதான் வேகமாக இறங்குகிறது.

அந்த ஏற்றத்தின் விலையை முதலில் போட்டுவிடலாம். டிராக்டர் 2 டன், டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 3 டன். ஆக 5 டன்னை 1,050 மீட்டர் தூக்க 5.15 கோடி ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் 3.6 கோடி ஜூல் இருக்கிறது. அதில் 30 சதவீதத்தை என்ஜின் உழைப்பாக மாற்றுகிறது என்று வைத்தால், தூக்குவதற்கு மட்டும் 4.8 லிட்டர். 26 கிலோமீட்டர் டயர் உருள்வதற்கு இன்னொரு 2.4 லிட்டர். மொத்தம் 7 லிட்டருக்குச் சற்று மேல். லிட்டர் 93 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் சுமார் 670 ரூபாய். டர்போ இல்லாத என்ஜின் 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். கீழே 45 குதிரைத்திறன் காட்டிய வண்டி மேலே 40 காட்டினால் அது பழுதல்ல, காற்று மெலிந்ததுதான். இதைத் தெரியாமல் பம்ப்பில் டீசலைக் கூட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டிய டீசல் எரியாமல் கரும்புகையாகப் போகும்.

ஏலத் தோட்டங்களுக்குள் ஆளையும் மூட்டையையும் அதிகம் சுமப்பவை ஜீப்புகள். தண்ணீர் டேங்கர், மருந்தடிக்கும் பம்ப், மரம், எரு என்று டிராக்டருக்கும் அங்கே வேலை உண்டு. அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் அதை நம்பித்தான் இருக்கின்றன. கணினி வராத காலத்து ஜீப்புக்கும் இந்த டிராக்டருக்கும் டீசல் வரும் பாதை ஒன்றே: டேங்க், ஃபீட் பம்ப், ஃபில்டர், டீசல் பம்ப், நாசில். எனவே கீழே வரும் கணக்கு இரண்டுக்கும் பொருந்தும்.

நின்ற வண்டிக்கு இரண்டு செலவு உண்டு. ஒன்று பழுதின் விலை, மற்றொன்று பழுதைத் தேடும் விலை. டீசல் என்ஜினில் இரண்டாவதுதான் ஆளைச் சாய்க்கிறது. தேடுவதை விலை குறைந்த முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. பதற்றத்தில் நடப்பதோ நேர்மாறு. பம்ப்பைக் கழற்றி டவுனுக்கு அனுப்புகிறோம், செல்ஃப் மோட்டாரை ரீவைண்டிங் கொடுக்கிறோம். கடைசியில் டேங்க் மூடியில் அடைத்திருந்த சேறு கண்ணில் படுகிறது.

டீசல் என்ஜினுக்குப் பொறி கிடையாது. காற்றை 17 மடங்கு அழுத்தினால் அது சூடாகும், அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றும். ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் அழுத்தம் ஒரு நிமிடத்தில் காணாமல் போகாது. பிஸ்டன் வளையம் தேய ஆண்டுகள் ஆகும். காற்றும் திடீரென்று தீராது. ஒரு நிமிடத்தில் இல்லாமல் போகக்கூடியது டீசல் ஒன்றுதான். அதனால் தேடலும் அங்கேயே தொடங்க வேண்டும்.

செலவே இல்லாத முதல் சோதனை புகை. செல்ஃப் அடிக்கும்போது புகைபோக்கியில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். ஒன்றுமே வராவிட்டால் டீசல் போகவில்லை. இரண்டாவது, நின்ற விதம். திக்கித் திணறி, பலம் குறைந்து, கடைசியில் நின்றதென்றால் டீசல் வரத்து. சாவியைத் திருப்பினாற்போல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம்: ஸ்டாப் சொலினாய்டுக்குப் போகும் ஒயர் கழன்றிருக்கும். சாவியைப் போடும்போது பம்ப்பருகே 'டக்' என்ற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் இழுத்து நிறுத்தும் குமிழ் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். இதுவரை செலவு பூஜ்யம்.

இனி டேங்க் மூடி. அதில் ஊசிமுனை அளவு காற்றுத்துளை இருக்கும். டீசல் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். துளை அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிறது. மணிக்கு 5 லிட்டர் குடிக்கும் வண்டி, பம்ப்பைவிட 40 சென்டிமீட்டர் உயரத்தில் டேங்க் என்று வைத்துக்கொள்வோம். டேங்குக்குள் காற்றிடம் 50 லிட்டராக இருந்தால், அந்த 40 சென்டிமீட்டர் உயரம் தரும் தள்ளலை வெற்றிடம் தின்று முடிக்க 21 நிமிடம் ஆகும். காற்றிடம் 30 லிட்டர் என்றால் 12 நிமிடம். 10 லிட்டர்தான் என்றால் 4 நிமிடம். அதாவது டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பிய அன்றுதான் வண்டி சீக்கிரம் நிற்கும். "இப்போதுதானே டீசல் போட்டேன், டீசல் பிரச்சினையாக இருக்காது" என்று டிரைவர் சொல்வது இயல்பு. கணக்கு அதற்கு எதிராக நிற்கிறது. ஃபீட் பம்ப் கொஞ்சம் இழுத்துச் சமாளிக்கும். ஆனால் அந்த இழுப்பில் தளர்ந்த இணைப்பு வழியே காற்று நுழையும். அதன்பிறகு மூடியைத் திறந்தாலும் வண்டி பிடிக்காது.

இந்த மலைக்கே உரிய ஒரு கணக்கும் இதில் இருக்கிறது. 350 மீட்டரில் காற்றழுத்தம் சுமார் 972 மில்லிபார், 1,400 மீட்டரில் 856. துளை அடைத்த டேங்கோடு ஏறினால் கீழே அடைபட்ட காற்று வெளிக்காற்றைவிட அழுத்தமாக இருக்கும், அது டீசலைத் தள்ளி உதவும். குறையே தெரியாது. மேலே மூடியைத் திறந்து டீசல் ஊற்றி, மூடிவிட்டு இறங்கினால் நிலைமை தலைகீழ். வெளியழுத்தம் 116 மில்லிபார் கூடிவிடும். டீசல் மட்டமாகச் சொன்னால் 1.4 மீட்டர் ஆழத்துக்குச் சமமான வெற்றிடம். அடிவார வெப்பத்தில் உள்ளிருக்கும் காற்று விரிவது சுமார் 30 மில்லிபாரை ஈடுகட்டினாலும், மீதி ஒரு மீட்டருக்குக் குறையாது. இறங்கும்போது கியர் பிடிப்பில் என்ஜின் டீசலே கேட்பதில்லை. முந்தலில் சமதளம் வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும்தான் கேட்கும். அங்கேதான் நிற்கும். "ஏறும்போது நன்றாக இருந்தது, இறங்கி வந்ததும் நின்றுவிட்டது" என்று ஒருவர் சொன்னால், மூடியைத் திறக்கும்போது 'ஸ்ஸ்' என்ற சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதே முதல் வேலை.

அடுத்தது சரிவு. 60 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 28 உயரமுள்ள டேங்க் ஏறக்குறைய 59 லிட்டர் பிடிக்கும். வண்டி 15 சதவீதச் சரிவில் நின்றால் டேங்கின் ஒரு முனை மறுமுனையைவிட 9 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். டீசல் தாழ்ந்த முனைக்குப் போய்விடும். வெளிவாய் உயர்ந்த முனையில் இருந்தால், டேங்கில் 9.4 லிட்டர் டீசல் இருந்தும் குழாய் காற்றைத்தான் உறிஞ்சும். நெடுஞ்சாலையின் 7 சதவீதச் சரிவில் இது 4.4 லிட்டர்; தோட்டத்து மண்பாதையின் 20 சதவீதத்தில் 12.6 லிட்டர். வெளிவாய் முன்னாலா பின்னாலா என்பதைப் பொறுத்து, ஒரு வண்டி ஏற்றத்தில் நிற்கும், இன்னொன்று இறக்கத்தில் நிற்கும். கேஜ் முள்ளை நம்பாமல் குச்சி விட்டு அளந்து பாருங்கள். மலையில் கால் டேங்க் என்பது காலி டேங்க்.

எப்படி உள்ளே போயிருந்தாலும், நுழைந்த காற்று தானாகப் போகாது. 'ஏர் லாக்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அது ஏன் இவ்வளவு பிடிவாதமானது என்பதற்கும் கணக்கு உண்டு. 45 குதிரைத்திறன், 3 சிலிண்டர், 2,000 சுற்று. முழுப் பாரத்தில் மணிக்கு 10 லிட்டர் குடிக்கும் என்ஜின் மணிக்கு 1,80,000 தடவை டீசல் தெளிக்கிறது. ஒரு தெளிப்புக்கு 0.056 மில்லிலிட்டர். நாசில் திறக்கச் சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். பம்ப்பின் பிளஞ்சர் அறைக்குள் டீசலுக்குப் பதில் காற்று இருந்தால், அந்தச் சின்ன அடி காற்றைச் சுருக்கும், திரும்பும்போது காற்று விரியும், அவ்வளவுதான். நாசில் வரை ஒன்றும் போகாது. எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் பேட்டரிதான் இறங்கும்.

ஏர் எடுக்கும் வரிசை டேங்கிலிருந்து நாசிலை நோக்கியே போக வேண்டும். முதல் ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்ப்பின் கைப்பிடியை அடித்து, குமிழி நின்று டீசல் கண்ணாடிபோல் வரும்வரை விடவும். பிறகு இரண்டாவது ஃபில்டர், பிறகு டீசல் பம்ப்பின் திருகு. கடைசியாக நாசில் நட்டுகள். நாசில் பைப் 2 மில்லிமீட்டர் உள்விட்டம், 60 சென்டிமீட்டர் நீளம் என்றால் அதன் கொள்ளளவு 1.9 மில்லிலிட்டர், முழுதும் காலியாக இருந்தால் நிரம்ப 34 தெளிப்பு, அதாவது 68 சுற்று. செல்ஃப் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் 20 விநாடி. பத்துப் பத்து விநாடியாக இரண்டு முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. இதற்குமேல் அடிக்க வேண்டியிருந்தால் பம்ப் வரைக்கும் ஏர் சரியாக எடுக்கவில்லை என்று பொருள். திரும்பப் போய்ப் பாருங்கள். நட்டை அரைச் சுற்றுதான் தளர்த்த வேண்டும். நாசில் தெளிப்புக்கு நேரே கையை ஒருபோதும் நீட்டக் கூடாது. 200 பாரில் வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வலி குறைவாகத் தெரிந்தாலும் அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம்.

ஒரு எச்சரிக்கை. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய புகை விதிகள் வந்தன. அதன்பின் வந்த பெரிய வண்டிகளில் காமன் ரெயில் அமைப்பு உண்டு. அதில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அந்த வண்டியில் நாசில் நட்டைத் தொடவே கூடாது. ஃபில்டர் வரை ஏர் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஏர் எடுத்த பிறகு அரை மணி ஓடி மறுபடி நின்றால் காற்று எங்கோ நுழைந்துகொண்டிருக்கிறது. இங்கே பலர் ஒழுகும் இடத்தைத் தேடி ஏமாறுகிறார்கள். ஃபீட் பம்ப்புக்கு அப்பால் டீசல் அழுத்தத்தில் இருக்கிறது. அங்கே இணைப்பு தளர்ந்தால் வெளியே ஒழுகும். டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையே உறிஞ்சல். அங்கே தளர்ந்தால் சொட்டுக்கூட வெளியே தெரியாது, காற்று உள்ளே போகும். காய்ந்து சுத்தமாகத் தெரியும் பகுதிதான் சந்தேகத்துக்குரியது. பெரும்பாலும் குற்றவாளி ஒரு செம்பு வாஷர். புதிது கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகி, மறுபடி இறுக்கமாகப் பொருந்தும்.

ஃபில்டரைத் தள்ளிப்போடுவதில் மிச்சமாகும் பணம் எவ்வளவு? 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால், மணிக்கு 5 லிட்டர் வீதம் 1,250 லிட்டர் அதன் வழியே போகிறது. ஒரு செட் 500 ரூபாய் என்று வைத்தால் லிட்டருக்கு 40 காசு. 93 ரூபாய் டீசலில் அரை சதவீதம்கூட இல்லை.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக. முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி, 12.0-க்குக் கீழே காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ முனையோ குறை. எர்த் ஒயரின் இரு முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரைக் கழற்றிச் சுரண்டி முடுக்குங்கள்; புதுப் பேட்டரி வாங்க வேண்டாம். 250 ஆம்பியரில் 10 விநாடி அடித்தால் 0.7 ஆம்பியர்-மணிதான் செலவு. ஆனால் காற்று நிறைந்த பம்ப்போடு முப்பது தடவை அடித்தால் 21 ஆம்பியர்-மணி போய்விடும். 75 ஆம்பியர்-மணி பேட்டரி அந்த வேகத்தில் தன் முழுக் கொள்ளளவைத் தராது. பிறகு உண்மையான பழுது சரியானாலும் வண்டி பிடிக்காது. ஒரு பழுது இரண்டு பழுதாவது இப்படித்தான்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றுவது மேலே இன்னும் கெடுதல். மார்கழிக் காலையில் காற்று 15 டிகிரி என்று வைப்போம். நல்ல வேகத்தில் சுற்றினால் 17 மடங்கு அழுத்தத்தில் அது 500 டிகிரியை எட்டும். மெதுவாகச் சுற்றினால் சூடு சிலிண்டர் சுவருக்கும், காற்று வளையத்தின் வழியேயும் கசிந்து 310 டிகிரி அளவில்தான் நிற்கும். டீசல் தானே பற்றும் வெப்பநிலை 210 டிகிரிக்கு மேல்தான் தொடங்குகிறது. குளிர்ந்த சிலிண்டரில் அந்த இடைவெளி போதாது. வெள்ளைப் புகை வரும், வண்டி பிடிக்காது. குளிருக்கு மருந்து பேட்டரியில் இருக்கிறது, நாசிலில் இல்லை.

சூடான பிறகு நின்று, ஒரு மணி நேரம் ஆறினால் பிடிக்கும் வண்டிதான் பம்ப்பைக் கழற்ற வேண்டிய வண்டி. சூட்டில் டீசல் நீர்க்கும். தேய்ந்த பிளஞ்சரின் இடுக்கில் கசியும். செல்ஃப் வேகத்தில் 200 பார் ஏறாது. என்ஜின் நின்றபின், நனைத்த சாக்கைப் பம்ப்பின்மேல் கால் மணி நேரம் போட்டு வைத்து அடித்துப் பாருங்கள். பிடித்தால் பம்ப் தேய்ந்திருக்கிறது. ஓடும் பம்ப்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, இறுகிப்போகும். ஈரச் சாக்கு சொன்ன பிறகு பம்ப் கேலிபரேஷனுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. அதற்கு முன் கொடுத்தால் அது ஊகத்துக்குக் கொடுத்த பணம்.

நிற்பதன் விலை ஏல மலையில் ஏன் கூடுதல் என்பதற்குக் காயின் கணக்கு. பறித்த பச்சைக் காயில் பெரும்பகுதி நீர். 5 கிலோ பச்சைக்குச் சுமார் 1 கிலோ உலர்ந்த ஏலம். டிரெய்லர் மூட்டைகளில் 500 கிலோ பச்சைக் காய் இருக்கிறது என்றால் 100 கிலோ ஏலக்காய். புத்தடியிலும் போடியிலும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. கணக்குக்கு 2,500 என்றே வைத்தாலும் அந்த டிரெய்லரில் 2.5 லட்சம் ரூபாய் இருக்கிறது. பறித்த காய் அன்றன்றே உலர்த்தும் அறைக்குப் போக வேண்டும். மூட்டைக்குள் வெந்து பச்சை நிறம் மங்கி, கிலோவுக்கு 100 ரூபாய் குறைந்தால் 10,000 ரூபாய் நட்டம். 500 ரூபாய் ஃபில்டரைப் போல 20 மடங்கு. செம்பு வாஷரோடு ஒப்பிட வேண்டியதே இல்லை.

கடைசியாகத் தண்ணீர். இரவுக் குளிரில் டேங்குக்குள் நீர் பூக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அளந்தால் அது சிறிது. 30 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் 30 கிராம் நீர் இருக்கும். 18 டிகிரிக்குக் குளிர்ந்தால் பாதி இறங்கும். 50 லிட்டர் காற்றிடத்தில் ஓர் இரவுக்கு 0.75 கிராம். மாதம் முழுதும் இறங்கினாலும் 20 மில்லிக்குச் சற்று மேல். விதிப்படியான டீசலிலேயே கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை நீர் அனுமதி உண்டு. 1,250 லிட்டரில் அது 200 கிராம். இவற்றை ஃபில்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து வாரம் ஒருமுறை வடித்தால் போதும்.

வண்டியை நிறுத்தும் தண்ணீர் டிரம்மிலிருந்து வருகிறது. பங்க் தொலைவில் இருப்பதால் தோட்டங்களில் டீசலை டிரம்மில் வைப்பது வழக்கம். 200 லிட்டர் டிரம் பாதி காலியாக நின்றால் உள்ளே 100 லிட்டர் காற்று. பகலில் 40 டிகிரி, இரவில் 20. குளிரும்போது அந்தக் காற்று 6.4 லிட்டர் சுருங்கி, வெளியிலிருந்து அவ்வளவையும் உள்ளே இழுக்கும். டிரம்மின் தலைத் தட்டு 57 சென்டிமீட்டர் அகலம். மழையில் அதன்மேல் 1 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் 2.5 லிட்டர். மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் ஒரே இரவில் அந்த 2.5 லிட்டரும் டீசலோடு போய்ச் சேரும். ஆனி, ஆடியில் தென்மேற்கும் ஐப்பசியில் வடகிழக்கும் மழை தரும் மலையில் இது ஓர் இரவோடு நிற்காது. டிரம்மின் ஒரு பக்க அடியில் செங்கல் வைத்துச் சாய்த்து, இரண்டு மூடிகளும் நீர் தேங்கும் தாழ்ந்த ஓரத்தில் படாமல் பக்கவாட்டில் இருக்கும்படி திருப்பி, தார்ப்பாயால் மூடுங்கள். டீசலை எடுக்கும்போது அடியில் ஒரு சாண் விட்டு எடுங்கள். அந்த ஒரு சாணைத் தனிக் கேனில் இரண்டு நாள் தெளியவிட்டு, மேலே நிற்பதை மட்டும் வடிகட்டி ஊற்றுங்கள்.